தாத்தாவின் பாஸ்போர்ட்டில் ‘பிரிட்டிஷ் பிரஜை’ என்று இருக்கிறதா? ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பழைய பத்திரங்களோடு ஒரு பழைய பாஸ்போர்ட்டும் கிடக்க வாய்ப்புண்டு. அதன் முதல் பக்கங்களில் ‘தேசிய நிலை’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே, ஆங்கிலத்தில், ‘பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை’ என்று எழுதியிருக்கும். “அப்போ தாத்தா பிரிட்டிஷ்காரரா? நமக்கு லண்டன் பாஸ்போர்ட் கிடைக்குமா?” என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். கிடைக்காது என்பதுதான் பெரும்பாலோருக்குப் பதில். ஆனால் ஏன் கிடைக்காது என்று தெரிந்துகொள்ள, அந்தச் சொல்லோடு நானூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று நாம் குடிமகன் என்று சொல்வது ஒரு நாட்டோடு உள்ள உறவு. அந்த உறவில் ஓட்டுப் போடலாம், நாட்டுக்குள் தடையில்லாமல் வரலாம், யாரும் வெளியேற்ற முடியாது. பிரஜை என்பது ஓர் அரசரோடு உள்ள உறவு. அரசர் பாதுகாப்புத் தருவார், பிரஜை விசுவாசமாக இருக்க வேண்டும். ஓட்டு, வேலை, நிலம், குடியிருப்பு எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இந்த உரிமைகள் சில காலம், சில இடங்களில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. பிறகு உதிர்ந்தும் போயின. சொல் மட்டும் தாளில் அப்படியே இருந்தது. அதை நம்பிச் சும்மா இருந்தவர்கள் கடைசியில் இழந்தது நிறைய. அதனால்தான் இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

சட்டத்தில் இதன் தொடக்கம் ஒரு குழந்தையின் வழக்கு. ஸ்காட்லாந்தை ஆண்ட ஆறாம் ஜேம்ஸ், 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். அரசர் ஒருவர், நாடு இரண்டு. நாடாளுமன்றமும் சட்டமும் தனித்தனி. அதற்குப் பிறகு எடின்பரோவில் பிறந்த ராபர்ட் கால்வின் என்ற குழந்தையின் பெயரில் இங்கிலாந்தில் ஒரு நில வழக்கு வந்தது. அந்நியர் இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்க முடியாது. ஸ்காட்லாந்தில் பிறந்த குழந்தை அந்நியனா, இல்லையா? 1608-இல் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: குழந்தை பிறக்கும்போது அந்த மண்ணை ஆண்டவர் யார் என்று பார்க்க வேண்டும், அவர் இதே அரசர் என்றால் குழந்தை அவருடைய பிரஜை, ஆகவே இங்கிலாந்தில் அந்நியன் இல்லை.

இரண்டு பக்கத்து நாடுகளுக்கு இடையே வந்த சின்னத் தகராறுக்குச் சொன்ன தீர்ப்பு இது. ஆனால் இதே தர்க்கம், அரசரின் கொடி ஏறிய ஒவ்வொரு மண்ணுக்கும் நீண்டுகொண்டே போனது. ஜமைக்கா, மதராஸ், பினாங்கு, சிங்கப்பூர் என எங்கே பிறந்தாலும், அப்பா அம்மா யாராக இருந்தாலும், பிறந்த மண் அரசருடையது என்றால் பிள்ளை பிரிட்டிஷ் பிரஜை.

அந்த விசுவாசத்தைக் கழற்றி வைக்கவும் முடியாது. ஒருமுறை பிரஜை என்றால் சாகும்வரை பிரஜை. அமெரிக்கக் குடிமகனாக மாறிவிட்ட மாலுமியைக்கூடப் பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் பிடித்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது. 1812-இல் இரண்டு நாடுகளும் போருக்குப் போன காரணங்களில் அதுவும் ஒன்று. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் பழைய பிணைப்பு அறும் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது 1870-இல்தான்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே நிர்வாகமாக இருந்தன. 1867-இல் அவை லண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. இங்கே பிறந்த சீனர், தமிழர், மலாய்க்காரர், அரபியர் எல்லாரும் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜைகள். அதைப் பெருமையாக ஏந்தியவர்களும் உண்டு. 1900-இல் இங்கே நீரிணைச் சீனர்கள் சங்கம் அமைத்தபோது சங்கத்தின் பெயரிலேயே ‘பிரிட்டிஷ்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழர்களின் நிலை இதைவிடச் சிக்கல். நாகப்பட்டினத்தில் மூன்று பேர் ஒரே கப்பலில் ஏறி 1920-களில் சிங்கப்பூரில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாகூர்க்காரர். அது மதராஸ் மாகாணம், அதனால் அவர் பிரிட்டிஷ் பிரஜை. இன்னொருவர் புதுக்கோட்டைக்காரர். புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம், பிரிட்டிஷ் மண் இல்லை. ஆகவே அவர் ‘பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்’ மட்டுமே. மூன்றாமவர் காரைக்கால்காரர். நாகூரிலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம்தான், ஆனால் அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. எனவே சிங்கப்பூர் அதிகாரியின் பார்வையில் அவர் அந்நியர். மூவரும் பேசுவது ஒரே தமிழ். மூவரும் சிராங்கூன் ரோட்டில் ஒரே சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கலாம். தாளில் மட்டும் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

சிங்கப்பூரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஜோகூரிலும் இதே கதைதான். ஜோகூர் சுல்தானின் நாடு, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது, ஆனால் பிரிட்டிஷ் மண்ணாக ஆகவில்லை.

பெண்களுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1914-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியின் நிலை கணவனின் நிலை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், மேலே சொன்ன காரைக்கால்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால், தாலி ஏறிய அன்றே அவள் தன் சொந்த ஊரில் அந்நியர் ஆனாள். யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. 1933-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுக்க நீங்கியது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

பிரஜையாக இருந்ததால் கிடைத்தது என்ன? இந்த ஊரைப் பொறுத்தவரை முக்கியமான ஒன்று உண்டு. நாடு கடத்தும் சட்டத்தின்படி, தொல்லை என்று கருதுபவரை ஆளுநர் கப்பலேற்றிவிடலாம். ஆனால் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை என்றால் அந்தச் சட்டம் பாயாது. ரகசியச் சங்கத்தில் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட இரண்டு சீனர்களில், சீனாவின் அமோயில் பிறந்தவரை அங்கே அனுப்பலாம், சிங்கப்பூரின் தெலுக் ஆயரில் பிறந்தவரை அனுப்ப முடியாது. அந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

கிடைக்காததும் உண்டு. 1904 முதல் மலாயாவின் மேல்மட்ட நிர்வாகப் பணியில் சேர ஒரு விதி வந்தது. விண்ணப்பிப்பவர் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும், அதோடு தாய் தந்தை இரு வழியிலும் தூய ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். அந்த ‘அதோடு’தான் விஷயம். எல்லாப் பிரஜைகளும் அரசர் முன் சமம் என்று சொல்லிக்கொண்டே, ஒரு வாசகத்தைச் சேர்த்து ஆசியர் அனைவரையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருக்கலாம், துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருக்கலாம், அதிகாரியாக முடியாது.

இதில் இந்தியர்களுக்கு வலி அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு எழுத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1858-இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம், மற்றப் பிரஜைகளுக்குத் தான் ஆற்ற வேண்டிய அதே கடமை இந்தியர்களுக்கும் தனக்கு உண்டு என்று சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தென்னாப்பிரிக்காவில் காந்தி, நாங்களும் அதே பேரரசின் பிரஜைகள்தானே என்று வாதாடினார். 1914-இல் கோமகதா மாரு என்ற கப்பல் 376 பேரோடு கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனது. பெரும்பாலோர் பஞ்சாபிகள். கப்பலை வாடகைக்கு எடுத்த குர்தித் சிங் மலாயா, சிங்கப்பூர் வட்டாரத்தில் தொழில் செய்தவர். கனடாவும் அதே அரசரின் மண்தான், வந்தவர்களும் அதே அரசரின் பிரஜைகள்தான். ஆனாலும் சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வர வேண்டும் என்ற ஒரு விதியைக் காட்டி, முன்பே அங்கே குடியிருந்த சிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவிடவில்லை. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நின்ற கப்பல் திரும்பிப் போனது. அரசருக்கு விசுவாசமாக இருக்கும் கடமைக்கு எல்லை கிடையாது, அரசரின் நாடுகளுக்குள் நடமாடும் உரிமைக்கு மட்டும் எல்லை உண்டு என்று அன்றைக்குப் பலருக்கும் விளங்கியது.

அப்புறம் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது, பாதுகாப்புத் தருகிறேன் என்ற அரசரின் பக்கத்து வாக்கு முறிந்தது. 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுபாஸ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்து டில்லி செங்கோட்டையில் நடந்த விசாரணையில், அந்த ராணுவத்தின் மூன்று அதிகாரிகள் மீது வைத்த தலையாய குற்றச்சாட்டு, அரசருக்கு எதிராகப் போர் புரிந்தது. 1608-இன் அதே விசுவாசம்தான் அங்கே கூண்டில் ஏறியது. அடிமைப்பட்ட மக்கள் தங்கள் விடுதலைக்காகப் போர் செய்யலாம் என்று அவர்களுக்காக வாதாடினார் புலாபாய் தேசாய். ஆயுள் தண்டனை விதித்தார்கள், ஆனால் நிறைவேற்றத் துணியவில்லை, மூவரையும் விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தியர்களைப் பொறுத்தவரை ‘பிரஜை’ என்ற சொல்லின் உயிர் அந்த இடத்தில் போய்விட்டது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரில் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கூடியதே அதற்குப் பிறகுதான். 1948 மார்ச் 20 அன்று இங்கே முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் ஆறு. ஓட்டு பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டும். விரும்பியவர்கள் பெயர் பதிந்துகொள்ளலாம், பதிந்தவர்கள் சுமார் 22,000 பேர். தஞ்சாவூரில் பிறந்து இங்கே சில ஆண்டுகள் இருந்த தமிழர் ஓட்டுப் போடலாம். சீனாவில் பிறந்து முப்பது ஆண்டுகளாக இங்கேயே கடை நடத்துபவர் போட முடியாது. ஒரு காலத்தில் கடமையை மட்டும் குறித்த சொல் இப்போது வாக்குச்சீட்டு வாங்கித் தந்தது.

1949 ஜனவரி 1 முதல் புதிய பிரிட்டிஷ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை எல்லாம் தனித்தனிக் குடியுரிமை உண்டாக்கப் போகின்றன. எனவே பிரிட்டனும் தனக்கும் தன் காலனிகளுக்கும் சேர்த்து ஒரு குடியுரிமையை உண்டாக்கியது. சிங்கப்பூரில் பிறந்தவர்களும் அதில் அடங்கினார்கள். பழைய சொல்லை எடுத்தெறிய மனமில்லாமல் அதைக் குடை மாதிரி மேலே விரித்தார்கள்: எந்தக் காமன்வெல்த் நாட்டின் குடிமகனும் பிரிட்டிஷ் பிரஜை, பிடிக்காவிட்டால் காமன்வெல்த் குடிமகன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் ஒரே பொருள் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1950-இல் இந்தியா குடியரசாகி அரசரையே விலக்கியது. அப்படியும் பிரிட்டிஷ் சட்டத்தின் கணக்கில் இந்தியக் குடிமக்கள் அனைவரும், பிரதமர் நேரு உட்பட, பிரிட்டிஷ் பிரஜைகள். சொல்லின் உள்ளே இருந்த அரசர் போய்விட்டார்.

இனி வருவதுதான் நம் குடும்பங்களை நேராகத் தொட்ட கட்டம். 1957-இல் சிங்கப்பூர் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவர்கள் தாமாகவே சிங்கப்பூர்க் குடிமக்கள். வெளியே பிறந்தவர்கள் எட்டு ஆண்டுகள் இங்கே இருந்திருந்தால், விசுவாச உறுதிமொழி எடுத்துப் பதிந்துகொள்ளலாம். 1948-இல் விலக்கப்பட்டிருந்த சீனாவில் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் வந்து பதிந்தார்கள். தமிழர்களிடையே தயக்கம் இருந்தது. சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பி, ஒருநாள் ஊரோடு போய்ச் சேரலாம் என்று இருந்தவர்கள் பலர். நாம்தான் பிரிட்டிஷ் பிரஜை ஆயிற்றே, போன தேர்தலில் ஓட்டுப் போட்டோமே, இன்னொரு காகிதம் எதற்கு என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இந்த ஆபத்தை உணர்ந்தவர். இங்கேயே வேர் விடுங்கள், குடியுரிமை எடுங்கள் என்று தமிழர்களை விடாமல் வற்புறுத்தினார். தமிழர் திருநாளுக்காகவும் மொழிக்காகவும் அவரை நினைக்கிறோம், நினைக்க வேண்டும். இந்தக் குடியுரிமைப் பிரசாரத்துக்காக அவருக்கு இன்னும் பெரிய நன்றி சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் 1959 மே 30 தேர்தலில் ஓட்டு சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே. 1948-இல் பிரஜை என்ற பெயரில் ஓட்டுப் போட்டவர், இடையில் பதியாமல் இருந்தால், இப்போது போட முடியாது. பாஸ்போர்ட்டில் அதே வரி இருந்தது, ஆனால் அது இங்கே ஒன்றும் வாங்கித் தரவில்லை. 1965-க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்யவே அனுமதி தேவைப்பட்டது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போவதாக 1968-இல் அறிவித்து, 1971-க்குள் பெரும்பாலும் போனபோது, செம்பவாங் கடற்படைத் தளத்திலும் மற்றத் தளங்களிலும் வேலை பார்த்த ஏராளமான இந்தியர்களுக்கு வேலை போனது. குடியுரிமை இல்லாத பலர் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதாயிற்று. அரசரின் தளத்தில், அரசரின் பிரஜையாக, ஆயுள் முழுக்க உழைத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

1962-இல் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மலேசியாவில் இணையும் பேச்சு நடந்தபோது, சிங்கப்பூர்க் குடிமக்கள் புதிய நாட்டின் ‘தேசத்தவர்’ ஆவார்கள் என்று முதலில் எழுதியிருந்தார்கள், ‘குடிமக்கள்’ என்று எழுதவில்லை. இது இரண்டாந்தரக் குடியுரிமை என்று எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் கடுமையாக எதிர்த்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி பொது வாக்கெடுப்பு. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ‘மலேசியக் குடிமக்கள்’ என்று மாற்றினார்கள். சிங்கப்பூரர் தீபகற்பத்தில் ஓட்டுப் போட முடியாது என்பது போன்ற நடைமுறை பெரிதாக மாறவில்லை. இருந்தாலும் அரசாங்கம் ஆதரித்த தெரிவுக்குச் சுமார் 71 விழுக்காட்டு வாக்கு விழுந்தது. அந்த ஒரு சொல்லுக்காக ஊரே ஏன் கொதித்தது என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. ‘பிரஜை’ என்ற சொல்லோடு நூறு ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு, எழுதியிருப்பது என்ன, கிடைப்பது என்ன என்று பார்க்கும் பழக்கம் வந்திருந்தது.

1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூர் மலேசியாவில் இணைந்தபோது, இங்கே பிறந்தவர்களின் பிரிட்டிஷ் காலனிக் குடியுரிமை முடிந்தது. லண்டன் பாஸ்போர்ட் கேட்ட பேரப்பிள்ளைக்கு உண்மையான பதில் இந்தத் தேதிதான். பினாங்கு, மலாக்காவில் பிறந்தவர்களின் கதை வேறு. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். 1930-இல் தஞ்சோங் பகாரில் பிறந்து அங்கேயே இருந்த ஒருவரை எடுத்துக்கொண்டால், பிரிட்டிஷ் பிரஜை, ஜப்பானிய ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர், பிரிட்டிஷ் காலனிக் குடிமகன், சிங்கப்பூர்க் குடிமகன், மலேசியக் குடிமகன், மறுபடி சிங்கப்பூர்க் குடிமகன் என்று முப்பத்தைந்து வயதுக்குள் எல்லாம் ஆகிவிட்டார். தெருவைக்கூட மாற்றவில்லை.

பிரிட்டன் 1962 முதல் காமன்வெல்த் நாட்டவர் உள்ளே வருவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 1981-இல் இயற்றி 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அந்தப் பெரிய குடையையே மடக்கிவிட்டது. இன்று பிரிட்டிஷ் பிரஜை என்ற நிலை மிகச் சிலருக்கே உண்டு. பழைய பிரிட்டிஷ் இந்தியாவில் தொடர்புடையவர்களாக இருந்து எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைக்காமல் போன சிலரும், 1949-க்கு முன் பிறந்த அயர்லாந்துக்காரர்கள் சிலரும் அதில் அடக்கம். பெரும்பாலும் அது பிள்ளைகளுக்கு இறங்காது, இருப்பவர்களோடு முடிந்துவிடும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாஸ்போர்ட் கிடைத்தால் முதலில் அது வழங்கப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1949-க்கு முந்தையது என்றால் ‘பிரிட்டிஷ் பிரஜை’ என்பது அரசரின் ஆள் என்ற பழைய பொருள். அதற்குப் பிந்தையது என்றால் கூடவே எந்த நாட்டுக் குடியுரிமை எழுதியிருக்கிறது என்று தேடுங்கள், விஷயம் அந்த வரியில்தான் இருக்கும். அடுத்து பிறந்த ஊர். புதுக்கோட்டை என்று இருந்தால், சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948 மார்ச்சுக்கு முந்தைய தாள்களில் ‘பாதுகாப்புக்கு உட்பட்டவர்’ என்று இருக்கும். காரைக்கால் என்றால் தாத்தாவின் தாள்களைப் பிரெஞ்சு மொழியில் தேட வேண்டியிருக்கும்.